இலக்கத்தை அரத்தால் தேய்த்துவிட்டு உதிரிப்பாகம் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு வாரமலரில், கொழும்பில் புதுப்பிக்கப்பட்ட பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் படத்தை அரைப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பி31 மாதிரி, 1952ஆம் ஆண்டு. படத்தின் கீழே, "தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே நிலையில்" என்று ஒரு வரி. வண்டி அழகாகவே இருந்தது. அந்த வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

படத்தில் இருந்த காபரேட்டர், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் பாகம், அமால் நிறுவனத்தின் மொனோபிளொக். மிதவைக் கிண்ணமும் உடலும் ஒரே வார்ப்பாக இருக்கும் அந்த வகை 1955ஆம் ஆண்டு மாதிரிகளோடுதான் வந்தது. 1952 வண்டிக்கு உரியது 276 என்ற வகை. அதில் மிதவைக் கிண்ணம் தனி உருளையாகப் பக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். அடுத்து, பெற்றோல் தாங்கியும் சக்கர வளையங்களும் முகம் பார்த்துத் தலைவாரும் அளவுக்குக் குரோம். கொரியப் போரால் நிக்கல் தட்டுப்பாடு வந்து, பிரித்தானியத் தொழிற்சாலைகள் குரோம் முலாமைக் குறைத்து வண்ணம் பூசியே வண்டிகளை அனுப்பிய காலம் அது. அதே வண்டியை ஒரு கண்காட்சியில் நேரிலும் பார்த்திருக்கிறேன். முன் சக்கரக் காப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. அது மெட்ரிக் போல்ட்டின் வலுவைக் குறிக்கும் எண். 1952இல் பேர்மிங்ஹாமின் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் அப்படி ஒரு போல்ட் இருந்திருக்க வழியில்லை.

மொனோபிளொக் நல்ல காபரேட்டர். ஓட்டுவதற்காக ஒருவர் அதைப் பூட்டிக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் பழைய 276ஐ விட அதற்கு உதிரிப்பாகங்கள் கிடைப்பது எளிது. ஆனால் வாரமலரைப் பார்த்து இன்னும் பத்து இளைஞர்கள் அதையே மாதிரியாக வைத்துக்கொள்வார்கள். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் "பி31 காபரேட்டர்" என்று மொனோபிளொக்கை நீட்டுவார்கள். இவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். எழுதத் தூண்டியது அதுதான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. 1968இல் யூனியன் பிளேஸ் பக்கம் இருந்த ஓர் இறக்குமதி நிறுவனத்தின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அங்கேயே பொறுப்பாளராகி ஓய்வுபெற்றவன். நான் மெக்கானிக் அல்ல. ஸ்பானர் பிடித்த கையும் அல்ல, பேனா பிடித்த கை. ஆனால் எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்பதைச் சொல்லித்தான் என் குடும்பம் சோறு உண்டது.

அந்தக் காலத்தில் கவுண்டருக்கு வந்து, "பி.எஸ்.ஏ. பிஸ்டன் ஒன்று கொடுங்கள்" என்பார்கள். எந்த பி.எஸ்.ஏ.? பாண்டம் டி1 என்றால் சிலிண்டர் விட்டம் 52 மில்லிமீட்டர். பி31க்கு 71. போரில் ஓடிய எம்20க்கு 82. பி33க்கு 85. விட்டம் தெரிந்தாலும் போதாது. சிலிண்டர் முன்பு குடையப்பட்டிருந்தால் பழைய பிஸ்டனின் தலையில் 20, 40 என்று பொறித்திருக்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரியது என்று பொருள். ஆகவே நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இயந்திர இலக்கம் என்ன, வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) இலக்கம் என்ன, கழற்றிய பழைய பாகம் எங்கே? பழைய பாகத்தை எறிந்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு என்மேல் கோபம் வரும். தவறான பாகம் திரும்பி வரும்போது யார் பதில் சொல்வது?

இப்போது நடப்பதைப் பார்க்கும்போது அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் ஆக்குவதையே சில கராஜ்கள் தொழிலாக வைத்திருக்கின்றன என்று தோன்றுகிறது. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலை பிரித்துப் போடுவது. இரண்டாவது வேலை மணல் வீச்சு. மூன்றாவது, அலுமினியப் பாகங்களுக்கெல்லாம் பஃப் போட்டு வெள்ளி போல மினுக்குவது. சட்டத்துக்குத் தடித்த பவுடர் கோட்டிங். இத்தனையும் முடிந்த பிறகு, "இது எந்த ஆண்டு வண்டி?" என்று கேட்டுக்கொண்டு என்னைப் போன்ற கிழவர்களைத் தேடி வருகிறார்கள். அதைச் சொல்லக்கூடிய எழுத்துகளைத்தானே தேய்த்துவிட்டீர்கள்?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் இளைஞரின் அனுபவத்தை உதாரணமாகச் சொல்கிறேன். ஹற்றன் பக்கத் தோட்டத்துப் பங்களா ஒன்றின் கொட்டிலில் பல காலம் கிடந்த பி31ஐ வாங்கி வந்தார். துரைமார் ஓட்டிய வண்டிகள் மலையகத்தில் இன்னும் ஆங்காங்கே அப்படிக் கிடக்கின்றன. அதிர்ஷ்டவசமாக, கராஜுக்குப் போகுமுன் என்னிடம் வந்தார். "தம்பி, கை வைக்காதே. ஒரு பழைய துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு வா" என்றேன். கம்பித் தூரிகை கூடாது. துடைத்துத் துடைத்து இடப்பக்கத்தில் சிலிண்டர் அமரும் இடத்துக்குக் கீழே பார்த்தோம்: இசட்பி31 என்று தொடங்கியது. சட்டத்தில் எஸ் என்ற எழுத்தும் சேர்ந்திருந்தது.

பி.எஸ்.ஏ.வின் அந்த முன்னெழுத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். போருக்குப் பிந்தைய முதல் பி31கள் எக்ஸ்பி31. 1948இல் வைபி31. 1949 முதல் இசட்பி31. எஸ் என்றால் பின் சக்கரத்துக்கு உருளைச் சுருள்வில் உள்ள பிளஞ்சர் சட்டம். எஸ் இல்லாவிட்டால் விறைத்த சட்டம். எம்20க்கு முன்னால் டபிள்யூ இருந்தால் அது இராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த வகையில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இன்னொன்றும் மறக்கக் கூடாது: தொழிற்சாலையின் ஆண்டு சனவரியில் பிறப்பதில்லை. கோடை விடுமுறை முடிந்து இலையுதிர் காலத்தில் செய்யத் தொடங்கும் வண்டிகள் அடுத்த ஆண்டின் மாதிரி. ஆகவே நமது பதிவுப் புத்தகத்தில் 1953 என்றிருந்தாலும் வண்டி 1952ஆம் ஆண்டு மாதிரியாக இருக்கலாம். கப்பலில் வந்து, கடையில் நின்று, பிறகு பதிவான காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கை பரவியிருக்கிறது. இயந்திர இலக்கமும் சட்டத்தின் இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி அசல் என்கிறார்கள். ட்ரையம்ஃப் நிறுவன வண்டிகளுக்குப் பெரும்பாலும் அது சரி. அங்கே இரண்டிலும் ஒரே இலக்கத்தை அடித்தார்கள். பி.எஸ்.ஏ.வில் 1960களின் பிற்பகுதி வரை இரண்டும் தனித்தனி வரிசைகள். எந்த இயந்திரம் எந்தச் சட்டத்தில் ஏறியது என்பது தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேட்டில்தான் இருந்தது. அத்தகைய பேரேடுகள் பலவற்றை இங்கிலாந்தில் பேர்ட்டன் அபான் ட்ரென்ட் நகரிலுள்ள பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தின் நூலகம் காத்து வைத்திருக்கிறது. இந்த விவரம் தெரியாத ஒருவர், தன் 1950 பி.எஸ்.ஏ.யில் இரண்டு இலக்கமும் வேறாக இருக்கிறதே என்று கலங்கி, இயந்திர இலக்கத்தை அரத்தால் தேய்த்துச் சட்டத்தின் இலக்கத்தை அதில் அடித்துக்கொண்டதை நான் அறிவேன். அசலாக இருந்த வண்டியைப் பணம் கொடுத்துப் போலியாக்கிவிட்டார். அதற்கு மேல் சட்டரீதியான சிக்கல் வேறு. பதிவிலுள்ள இலக்கமும் உலோகத்திலுள்ள இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை விளக்கிக்கொண்டு நிற்பது அவர்தான். இயந்திரத்தை மாற்றினால் முறைப்படி அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும்; சுத்தியலாலும் எண் அச்சுகளாலும் திருத்தக் கூடாது.

மற்றத் தொழிற்சாலைகளின் வழக்கம் வேறு. ஏ.ஜே.எஸ்., மட்ச்லெஸ் வண்டிகளில் ஆண்டையே முன்னால் அடித்தார்கள்: 49, ஒரு சாய்கோடு, பிறகு ஜி3எல் அல்லது 16எம். ஒரே தொழிற்சாலை, ஏறக்குறைய ஒரே இயந்திரம். 1950களின் தொடக்கம் வரை ஏ.ஜே.எஸ்.ஸில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ சிலிண்டருக்கு முன்னால், மட்ச்லெஸ்ஸில் பின்னால். 1969 மாதிரிகளிலிருந்து ட்ரையம்ஃபும் பி.எஸ்.ஏ.வும் இரண்டெழுத்து முறைக்கு வந்தன. முதலெழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. அந்தக் கட்டத்தில் ட்ரையம்ஃப், இலக்கம் அடிக்கும் மேடையில் தன் பெயரையே நுண்ணிய அச்சாகப் பரப்பி வைத்தது. யாராவது தேய்த்தால் அந்த எழுத்தும் போய்விடும். நமது கராஜ்காரர்கள் பஃப் போட்டு முதலில் அழிப்பது அதைத்தான்!

இலக்கத்துக்கு அடுத்தது புரி, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் சுற்றி ஓடும் மரை. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தங்களுக்கு இடநெருக்கடி என்றால் மேலே உள்ளதை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் நான்கு வகைப் புரிகளாவது இருக்கும். 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த விட்வர்த் புரி, அதன் நெருக்கமான வடிவமான பி.எஸ்.எஃப். இரண்டுக்கும் புரியின் கோணம் 55 பாகை. மூன்றாவது சைக்கிள் புரி. மிதிவண்டித் தொழிலிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். கோணம் 60 பாகை. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 புரிகள். நான்காவது பி.ஏ.; லூகாஸ் மின்பாகங்களிலும் சிறு திருகாணிகளிலும் வருவது, கோணம் 47.5 பாகை. 1960களின் பிற்பகுதியில் இவற்றோடு அமெரிக்காவுக்கும் பொதுவான யூனிஃபைட் புரியும் சேர்ந்தது.

பதினாறில் ஐந்து அங்குல போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விட்வர்த் என்றால் அங்குலத்துக்கு 18 புரி. பி.எஸ்.எஃப். என்றால் 22. யூனிஃபைட் நெருக்கப் புரி 24. சைக்கிள் புரி 26. நான்கும் கையில் ஒரே தடிப்பாகத்தான் தெரியும். அதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர். பழைய சோனகத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டை அதே துளையில் வைத்தால் ஓரிரு சுற்று ஏறும். "பிடிக்கிறதே" என்று நீளமான ஸ்பானரால் இழுப்பார்கள். அதன் பிறகு அந்தத் துளையில் இருப்பது புரி அல்ல, அலுமினியத் தூள்.

இதைவிட வஞ்சகமானது பி.ஏ. பூச்சிய இலக்க பி.ஏ. ஆணியின் விட்டம் சரியாக 6 மில்லிமீட்டர், புரியின் இடைவெளி 1 மில்லிமீட்டர். நமது சாதாரண 6 மில்லிமீட்டர் மெட்ரிக் ஆணியும் அதேதான், கோணம் மட்டும் வேறு. ஆகவே அது ஏறும், இறுகும், ஏமாற்றும். இரண்டாம் இலக்க பி.ஏ. அப்படியல்ல: 4.7 மில்லிமீட்டர் விட்டம், இடைவெளி 0.81. ஐந்து மில்லிமீட்டர் ஆணியின் இடைவெளி 0.8. புரியளவை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஆணி உள்ளே போகாது. போகாததால் கராஜில் துளைக்குள் புரி வெட்டும் ஐந்து மில்லிமீட்டர் டாப்பை எடுத்து ஓட்டிவிடுவார்கள். ஒரு லூகாஸ் டைனமோவின் மூடி அன்றோடு அனாதை.

தேவையானது ஒரு வேணியர் கலிப்பர், அங்குலப் புரியளவுத் தகடுக் கட்டு ஒன்று. புரியின் வெளிவிட்டத்தை அளந்து, தகட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 55 பாகைத் தகட்டை 60 பாகைப் புரியில் வைத்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்பானரும் அப்படித்தான். விட்வர்த் ஸ்பானரில் எழுதியிருக்கும் கால் அங்குலம் என்பது போல்ட்டின் தடிப்பு, ஸ்பானர் வாயின் அகலம் அல்ல. அதன் வாய் 13.3 மில்லிமீட்டர். உங்கள் 13 ஏறாது. 14 ஏறி நட்டின் மூலைகளை உருட்டிவிடும். மலையகத்திலிருந்து வரும் வண்டிகளில் உருண்டைத் தலை நட்டுகளைக் கண்டால் யாரோ 14ஐப் பிடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கிலாந்தில் அச்சிட்ட பட்டியலை மட்டும் நம்பியும் இலங்கை வண்டியைப் புதுப்பிக்க முடியாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு அக்கால வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் களஞ்சியத்தில் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பாகம் வராது, வண்டி ஓட வேண்டும். மருதானையிலும் ஆமர் வீதியிலும் லேத் போட்டிருந்த பாஸ்மார்தான் அந்த ஏழு ஆண்டுகளும் கொழும்பின் மோட்டார் சைக்கிள்களை உயிரோடு வைத்திருந்தார்கள். கார் வால்வைக் கடைந்து மோட்டார் சைக்கிள் வால்வாக்கினார்கள். வெண்கலக் கம்பியில் புஷ் செய்தார்கள். சைக்கிள் புரி டாப் கிடைக்காதபோது துளையைப் பெருப்பித்து விட்வர்த் புரி வெட்டினார்கள். அந்த டாப்தான் கையில் இருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தபோது ஜப்பான் வண்டிகள் வந்தன, அவற்றோடு மெட்ரிக் போல்ட்டுகளும் வந்து பழைய வண்டிகளுக்குள் புகுந்தன.

ஆகவே ஒரே வண்டியில் 1950இன் பேர்மிங்ஹாமும் 1974இன் மருதானையும் 1985இன் பஞ்சிகாவத்தையும் இருக்கும். பட்டியல் "சைக்கிள் புரி" என்று சொல்லும். துளை வேறு சொல்லும். துளையை நம்புங்கள். அளந்து, எந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். மருதானை பாஸ் ஒருவர் கடைந்து போட்ட பித்தளை நட்டைக் குப்பையில் எறிய வேண்டும் என்பதில்லை. என் அபிப்பிராயத்தில் அதற்கும் அந்த வண்டியில் இடம் உண்டு. அது அசல் இல்லை என்று எழுதி வைத்தால் போதும். இதில் என்னோடு சண்டை பிடிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பிடிக்கட்டும்.

மிகவும் கவலை தருவது கிராங்க் பெட்டி. இடம், வலம் என்று இரண்டு அரைகளாக இருக்கும் அந்த உறையைத் தொழிற்சாலையில் சோடியாகச் சேர்த்துப் பூட்டித்தான் கிராங்க் தண்டின் தாங்கிகளுக்கு (பேரிங்) உரிய துளைகளைக் குடைவார்கள். சோடி பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டின் அடியிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். அது இயந்திர இலக்கம் அல்ல, வேறு சிறிய எண். பஞ்சிகாவத்தையில் ஓர் அரையை ஒரு கடையிலும் மற்றதை வேறு கடையிலும் வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டும்போது எல்லாம் சரியாகப் பொருந்தும். ஓடத் தொடங்கிய பிறகு கிராங்கின் இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது தாங்கிகளின் சத்தத்தில் தெரியும். எங்கள் ஒழுங்கைத் தம்பியின் வண்டியைக் கவிழ்த்து அந்த எண்களைத்தான் அடுத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவர் ஏன் நான் அவ்வளவு மகிழ்ந்தேன் என்று விழித்துக்கொண்டு நின்றார்.

வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்ததும் அதுவே பாகத்தின் இலக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். பல வேளைகளில் அது வார்ப்பு அச்சின் எண் மட்டுமே. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் குடைந்து இரண்டு வண்டிகளுக்கு அனுப்பியிருப்பார்கள். பட்டியலில் அவற்றுக்கு இரண்டு இலக்கங்கள். பி.எஸ்.ஏ.வின் பட்டியல் இலக்கம் இரண்டு பகுதியாக இருக்கும். 65 என்று தொடங்கினால் பி31 குடும்பம், 67 என்றால் ஏ7, ஏ10 இரட்டைச் சிலிண்டர்கள், 90 என்றால் பாண்டம். அதிலும் ஒரு சூட்சுமம். அந்த முதல் எண், பாகம் முதன்முதலில் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதையே காட்டுகிறது. முன் கவையின் (ஃபோர்க்) பல பாகங்கள் 65 என்ற எண்ணோடே ஏ10இலும் போயின. ஆகவே ஏ10 வைத்திருப்பவர், "இது பி31 சாமான், எனக்கு வேண்டாம்" என்று சரியான பாகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் நட்டம் அவருக்கு. ட்ரையம்ஃபில் பழைய பட்டியல்களில் ஆங்கில எழுத்து முன்னால் வரும்: இயந்திரத்துக்கு ஈ, சக்கரத்துக்கு டபிள்யூ, முன் கவைக்கு எச். பின்னாளில் அவையே 70, 37, 97 என்ற எண்களாயின. இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஒரே பாகத்துக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியதில்லை.

தாங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குலத் தண்டு 25.4 மில்லிமீட்டர், சந்தையில் கிடைக்கும் 6205 தாங்கியின் துளை 25. தண்டைத் தேய்த்துப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பழைய தாங்கியின் ஓரத்தில் எல்ஜே, எம்ஜே போன்ற எழுத்துகளும் பக்கத்தில் அங்குல அளவும் இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் இன்றும் வெளிநாட்டிலிருந்து வருவிக்க முடியும். சங்கிலியில் அந்தத் தொல்லை குறைவு. பின் சங்கிலிக்கு எட்டில் ஐந்து அங்குல இடைவெளி என்றால் இன்றைய 520, 530 வகைகளுக்கும் அதே இடைவெளிதான். அகலத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

லூகாஸ் பாகங்கள் பலவற்றில் வகை எண்ணோடு செய்த மாதமும் ஆண்டும் சிறிதாக அடித்திருக்கும். 1150 என்று இருந்தால் 1950 நவம்பர். இயந்திர இலக்கத்தின் ஆண்டோடு அது ஒத்துவந்தால் அந்த டைனமோ பெரும்பாலும் அந்த வண்டியோடே வந்தது. மேக்னெட்டோவில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரு வகை உண்டு. தொடுமுனைப் பகுதியும் அதற்கேற்ப மாறும். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து வாங்கி, தீப்பொறி தவறான நேரத்தில் வருகிறதே என்று காபரேட்டரைப் பிரித்துப் போட்டவர்களைப் பற்றி எழுதினால் தங்கள் பத்திரிகை போதாது. ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தில் எஸ் என்று தொடங்கும் குறியீடும் சும்மா இல்லை. கியர் விகிதத்துக்கும் சக்கர அளவுக்கும் பொருந்தாத மானியைப் பூட்டினால் முள் என்னவோ ஆடும், சொல்லும் வேகம்தான் பொய்.

பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்கள்மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே அறுபது வயதைத் தாண்டிய நானாமார் சிலர் இருக்கிறார்கள். கியர் பல்லைத் தடவிப் பார்த்தே அது பி.எஸ்.ஏ.யா நோர்ட்டனா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் பழைய பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார்கள். கைபேசியில் படத்தைக் காட்டினால் அவர்களும் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதில் அவர்கள் பிழை என்ன? சென்னையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்ட் புல்லட் பாகங்களும் அங்கேதான் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் ரெடிச்சில் செய்த 350 புல்லட்டை 1955 முதல் மெட்ராஸிலும் செய்யத் தொடங்கினார்கள். சிலிண்டர் 70க்கு 90 என்ற அதே அளவு. எனவே ரெடிச் புல்லட் வைத்திருப்பவருக்கு மெட்ராஸ் பாகம் பல இடங்களில் கைகொடுக்கும். அதையே பி.எஸ்.ஏ.க்கு, "எல்லாம் பிரித்தானியச் சாமான்தானே" என்று விற்கும்போதுதான் எனக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இத்தகைய வண்டியின் படத்தை வெளியிடும்போது இயந்திரம், சட்டம் இரண்டின் முன்னெழுத்துகளையும் கேட்டு வாங்கிப் படத்தின் கீழ் போடுங்கள். முழு இலக்கம் வேண்டாம், திருடர்களுக்கு வசதியாகிவிடும். எந்தெந்தப் பாகம் பிற்காலத்தது என்பதையும் உரிமையாளரிடமே கேட்டு எழுதுங்கள். உண்மையில் வேலை தெரிந்தவர் அதைச் சொல்ல வெட்கப்பட மாட்டார்.

மற்றையது வாசகர்களுக்கு. கொழும்பில் மூடப்பட்ட பல நிறுவனங்களின் பழைய உதிரிப்பாகப் பட்டியல்களும் இருப்பு அட்டைகளும் பிள்ளைகளின் வீடுகளில் மேல்தட்டில் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் நிறுவனம் மூடியபோது லொறியில் ஏறவிருந்த பட்டியல்களில் சிலவற்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். பி.எஸ்.ஏ., லூகாஸ், அமால் மூன்றும் இருக்கின்றன. கரப்பான் கொஞ்சம் தின்றிருக்கிறது, இலக்கங்கள் வாசிக்கக்கூடிய நிலையில் உள்ளன. என் முகவரி தங்கள் ஆசிரிய பீடத்தில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் தங்கள் ஊடாக எழுதினால் தேடிப் பார்த்துப் பதில் போடுவேன். "பழைய பி.எஸ்.ஏ.க்கு சாமான் வேண்டும்" என்று மட்டும் எழுத வேண்டாம். இயந்திர முன்னெழுத்து, சட்டத்தின் முன்னெழுத்து, பழைய பாகத்தின் அளவு, புரியின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடட்டும். பஃப் போட்டு முடித்தவர்கள் முத்திரையை வீணாக்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உதிரிப்பாகக் களஞ்சியப் பொறுப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.